சந்துப் பக்கம் ஒரு ஜன்னல்

என் அண்ணியிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. அண்ணன் இருந்தவரை அவர் முயன்று பார்த்தார். அவர் போனபிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கொத்தனார், கல்லோடும் சிமெண்டோடும் மல்லுக்கட்டிப் பிழைக்கிறவன். ஆனால் அண்ணி ஒன்றை நினைத்துவிட்டால் அதை அசைக்க என்னால் ஆகாது.

அண்ணிக்குத் தையல் தொழில். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. இந்தத் தெரு வீடுகளும் அடுத்த தெரு வீடுகளும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இரண்டு பக்கமும் ஜன்னலே இல்லாத வெறும் சுவர். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு அதுதான் குறுக்குவழி. பறிப்பும் பிடுங்கலும் நடப்பதும் அங்கேதான். ஒரு சாயங்காலம் அண்ணியின் கையிலிருந்த பையையே ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடினான். உள்ளே இருந்தது யாரோ ஒரு அம்மா கொடுத்த அளவுச் சட்டை மட்டும்தான்.

"அவனுக்கு அது தொளதொளன்னு இருக்கும் தம்பி" என்றார் அண்ணி. சிரித்தார்தான், ஆனால் வாசல் கதவை இரண்டு தடவை தாழ்போட்டுப் பார்த்தார்.

அண்ணிக்குப் பயம் தனக்காக இல்லை. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடும். சந்து முனைக்கு வந்ததும் போன் அடிப்பாள். பேச விஷயம் எதுவும் இருக்காது. "வந்துட்டிருக்கேன்மா, வந்துட்டிருக்கேன்" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே வருவாள். அதுவரை அண்ணி மிஷினை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

பை பறிபோன சில நாளில் குடியிருப்போர் சங்கம் கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. அடுத்த தெருக்காரர், அவர் வீட்டுப் பின்சுவர் சந்தைத் தாண்டி அண்ணி வீட்டுக்கு நேரெதிர். சந்தின் இரண்டு முனையிலும் கேட் போட்டுப் பூட்டிவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், தூண் கட்டுகிற வேலை எனக்கு வரும் என்ற நப்பாசை வேறு.

அண்ணி எழுந்தார். "பை போனது என்னோடது. நானே சொல்றேன், பூட்ட வேணாம்."

"ஏம்மா, உங்களுக்காகத்தானே செய்யறோம்?" என்றார் தலைவர்.

"பூட்டிட்டா எம்பொண்ணு லாரி நிக்கிற மைதானத்தைச் சுத்தி வரணும் சார். அங்க கூப்பிட்டா என்னன்னு கேக்க ஆள் கிடையாது."

"இங்க மட்டும் இருக்கா?"

அண்ணி உட்கார்ந்துவிட்டார். அவர் வாதத்தில் தோற்றதை நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். கேட் செய்ய வெல்டரிடம் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அண்ணி என்னை வரச்சொன்னார். பின்னறைச் சுவரைக் காட்டினார். "இதுல ஒரு ஜன்னல் வைங்க தம்பி."

"திருடன் வர்ற பக்கம் யாராவது ஜன்னல் வைப்பாங்களா அண்ணி?"

"யாரும் வைக்காததாலதான் அவன் வர்றான்."

முணுமுணுத்துக்கொண்டே, பத்திரமாக இருக்கட்டும் என்று, தலைக்கு மேலே வென்டிலேட்டர் அளவுக்குக் கோடு போட்டேன். அண்ணி மிஷினை இழுத்துவந்து அந்தச் சுவரோரம் போட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார். தையல் சாக்கட்டியை எடுத்து, தன் கண்ணுக்கு நேரே சுவரில் ஒரு கோடு இழுத்தார்.

"ஜன்னல் இங்க வரணும். நான் தைக்கும்போது போறவங்க மூஞ்சி எனக்குத் தெரியணும். என் மூஞ்சி அவங்களுக்குத் தெரியணும். காத்து வாங்கவா கேட்டேன்?"

வாயை மூடிக்கொண்டு சுவரை உடைத்தேன். பழைய சட்டம் ஒன்றைக் கம்பியோடு பொருத்தினேன். விஷயம் கேள்விப்பட்ட தலைவர், "கேட் வந்ததும் அந்தம்மா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கட்டும்" என்று கிண்டல் செய்தாராம்.

ஜன்னல் ஓரத்துக்கு நான் பூச்சு பூசிக்கொண்டிருந்த சாயங்காலம் அவரே சந்துக்குள் வந்தார். ஒரு கையில் டேப், மறுகையில் போன். கேட்டுக்கு அகலம் சரிபார்க்க வந்திருக்கிறார். அளக்கும் முன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால், விளக்கை அணைத்துவிட்டு ஒரு மோட்டார் பைக் மெல்ல நகர்ந்து வந்தது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையை நீட்டத் தயாராக இருந்தான். பூச்சுக் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அண்ணி மிஷின் விளக்கைத் திருப்பி அவர்கள் முகத்தில் அடித்தார். "வண்டியில வர்ற தம்பிங்களா, லைட்டப் போட்டு வாங்க! சார் நிக்கிறாரு, தெரியல?"

சாதாரணமாகத்தான் சொன்னார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கடிந்துகொள்கிற மாதிரி. பைக் விர்ரென்று சந்தைத் தாண்டி ஓடிவிட்டது. தலைவர் சுவரில் சாய்ந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"உள்ள வந்து தண்ணி குடிங்க சார். அகலம் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேம்மா" என்றார். டேப்பை அவர் விரிக்கவே இல்லை என்பதை நான் பார்த்தேன், சொல்லவில்லை.

மறுநாள் தலைவர் என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். "மேஸ்திரி, அந்தம்மா வீட்டு ஜன்னல் என்ன உயரம்?"

"அவங்க கண்ணு உயரம் சார்."

"எங்க வீட்டுக்கு?"

"யாரு உக்காரப் போறீங்க?"

பேப்பர் படிக்கிற நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டு உட்கார்ந்தார். கோடு இழுத்தேன். செய்துவைத்த கேட்டுகளை வெல்டர் துண்டுபோட்டு கிரில் ஆக்கிக் கொடுத்தார். பிறகு வேறு சில வீடுகளுக்கும் போனேன். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கடைசி வீட்டுச் சுவர் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது, போன மாதம் அந்தப் பக்கம் ஒரு சைக்கிளும் காணாமல் போனது. அண்ணி இப்போது அந்த வீட்டுக்காரரை விடாமல் துளைத்துக்கொண்டிருக்கிறார். அவர் தப்ப முடியாது.

எனக்கு அண்ணியைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது. அதை அவரிடம் சொன்னால், "சுவர ஒழுங்கா பூசுங்க" என்பார்.

நேற்று சாயங்காலம் அங்கே இருந்தேன். அண்ணி தைத்துக்கொண்டிருந்தார். இருட்டிய சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர் ஜன்னலிலிருந்து தலைவரின் குரல்: "என்னம்மா, டியூட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

அண்ணி மிஷினை நிறுத்தவில்லை. போன் மேஜை மேல் துணிகளுக்கு அடியில் எங்கோ கிடந்தது.