தெருக்கள் இல்லாத ஊரில் மகளைத் தேடினோம்

எழுபதுகளின் நடுப்பகுதியில் வந்த ஓர் ஈஸ்டர் விடுமுறை அது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து இரண்டாவது வருடம். ஹோம்புஷில் ஒரு சின்ன ஃபிளாட்டில் நான், கணவர், நான்கு வயது மகள் என மூன்று பேர் இருந்தோம். சிட்னிக்கு மேற்கே பாத்தர்ஸ்ட் பக்கம் தங்கம் தோண்டிய பழைய ஊர் ஒன்று இருக்கிறது என்று கணவருக்கு வேலையிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோழிக் கறியும் பாண் ரொட்டியும் கட்டிக்கொண்டு விடியவே புறப்பட்டோம்.

மண் பாதையின் முடிவில் காரை நிறுத்தினால், ஊரே இல்லை. இடுப்பளவு காய்ந்த புல், யூக்கலிப்டஸ் மரங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புல்வெளியில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். ஒன்றாகக் கூடி இல்லை. புல்லை வெட்டி, விரிப்பு போட்டு, குடும்பம் குடும்பமாக எட்ட எட்ட இருந்தார்கள்.

"ஊரைக் காணேல்லை, சனம் மட்டும் இருக்குது" என்றார் கணவர்.

தொப்பி போட்ட ஒரு முதிய பெண்மணி எங்களைக் கண்டு கை காட்டிக் கூப்பிட்டார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன். "நீங்கள் இப்போது எங்கள் பேக்கரிக்குள் வந்துவிட்டீர்கள்" என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தபடியே விளக்கினார். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஆட்கள் தங்கம் தேடி வந்த இடமாம். ஹோட்டல்கள், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தனவாம். தங்கம் தீர்ந்ததும் ஆட்கள் போனார்கள். போகும்போது வீடுகளையும் பலகை பலகையாகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். கடைசியாகப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மிச்சம் இருக்கும் ஊர்க்காரர்கள் வந்து, அவரவர் வீடு இருந்த இடத்திலேயே இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். அவருடைய அப்பாதான் ஊருக்குப் பாண் போட்டவர்.

கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. எத்தனையோ கேள்வி கேட்டேன். பேச்சு சுவாரசியத்தில் திரும்பிப் பார்த்தபோது மகளைக் காணவில்லை.

கணவர் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓட வெளிக்கிட்டார். பக்கத்து விரிப்பிலிருந்த ஒருவர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஓடாதீர்கள். இங்கே எல்லா இடத்திலும் சுரங்கக் குழிகள். புல் மூடியிருக்கிறது" என்றார்.

அந்தப் பெண்மணி எழுந்து நின்றார். நீ பிரதான வீதியால் தேவாலயம் வரை போ, நீ ஹோட்டலுக்குப் பின்னால் பார், யாரும் வீதியை விட்டு இறங்க வேண்டாம் என்று ஒவ்வொருவராக அனுப்பினார். அன்று நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? வெறும் புல்லுக்குள் ஆட்கள் நேராக நடந்து போய், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் சுவர் இருப்பதுபோல மூலை திரும்பினார்கள். ஒருவர்கூடக் குறுக்கே நடக்கவில்லை.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். உங்கள் பிள்ளைக்கு எது பிடிக்கும்? பூ என்றேன். எங்கே கண்டாலும் போய்ப் பிடுங்கிவிடுவாள். அவர் முகம் மாறியது. "பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டுத் தோட்டம்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "இதில் வாசல் படலை இருந்தது. இதிலிருந்து இடப்பக்கம் வாருங்கள். நான் மிதித்த இடத்திலேயே மிதியுங்கள்."

சரிவைத் தாண்டியதும் தெரிந்தது. இலையே இல்லாமல், தண்டு மட்டும் நீட்டி, இளஞ்சிவப்பு லில்லிப் பூக்கள் கூட்டமாகப் பூத்திருந்தன. நட்டவர்கள் போய் எத்தனையோ காலமாகியும் அவை பூத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. நடுவில் என் மகள் குந்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால், நான்கைந்து அடி தள்ளி, புல் உள்நோக்கிச் சரிந்து கிடந்தது.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அந்தப் பெண்மணி, கத்த வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லுங்கள் என்று மெல்லச் சொன்னார்.

"குஞ்சு, அம்மா வாறன். எழும்பாதேங்கோ. அப்பிடியே இருந்து பூவைப் பிடுங்குங்கோ" என்றேன். என் குரல் எப்படி நடுங்காமல் வந்ததோ தெரியாது.

"ஓம் அம்மா" என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அந்தப் பெண்மணி முன்னால் போய், வளைந்து சென்று, அவளைத் தூக்கி என் கையில் தந்தார். பிறகு ஒரு கல்லை எடுத்து அந்தச் சரிவுக்குள் போட்டார். அது அடியில் விழும் சத்தம் வர நேரம் எடுத்தது. நான் அப்படியே புல்லில் குந்தியிருந்து அழுதேன். என் முதுகைத் தடவிக்கொண்டு அவரும் பக்கத்தில் இருந்தார்.

திரும்பி வந்தபோது எல்லாரும் விரிப்புகளை இழுத்து எங்களைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். கணவர் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து நன்றி சொன்னார். எங்கள் கோழிக் கறியைப் பேக்கரியில் வைத்தே எல்லாருமாகச் சாப்பிட்டோம். உறைப்பில் கண்ணீர் வடித்துக்கொண்டு ஒருவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

புறப்படும்போது, ஆசிரியர் குடும்பத்தில் இப்போது வருவதற்கு ஒருவரும் இல்லை, அடுத்த வருடம் அந்த வீடு உங்களுக்கு என்றார் அந்தப் பெண்மணி. அடுத்த வருடம் நாங்கள் போனபோது அந்தக் குழிக்கு அவர்களே வேலி அடித்திருந்தார்கள். அவர் இருந்த வரை ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போனோம். அந்த இடத்தில் விரிப்பு போட்டு இருக்கும்போது, சிட்னியில் எங்கேயும் கிடைக்காத ஒரு நிம்மதி எனக்குக் கிடைக்கும்.

மகளுக்கு அன்றைய நாளில் பூக்கள் மட்டும்தான் நினைவிருக்கின்றன. எனக்கோ, இல்லாமல் போன ஓர் ஊரின் ஒவ்வொரு மூலையையும் சிலர் மறக்காமல் வைத்திருந்ததால்தான் என் பிள்ளை எனக்குக் கிடைத்தாள் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் நிறைந்துவிடுகிறது.