திம்மராயனின் மூன்று பாஷைப் புத்தகம்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் காலை பஸ்ஸில் திம்மராயன் கண்டக்டராக இருந்தார். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழ். மூன்றிலும் அவரால் ஒரே மூச்சில் சண்டை போட முடியும்.

அவர் காதில் செருகியிருந்த பென்சில் கணக்கு எழுத மட்டும் அல்ல என்பது, தினம் அந்த வண்டியில் போன எங்களுக்குத் தெரியும். ஏறி இறங்குகிறவர்கள் பேசுவதில் ஏதாவது பிடித்துவிட்டால் கிழிந்த அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். “தண்ணி வேணும்.” அதன் கீழே தெலுங்கில் “நீள்ளு காவாலி.” அதற்கும் கீழே கன்னடத்தில் “நீரு பேக்கு.” ஆஸ்பத்திரியில் எப்படிக் கேட்பது, மாட்டின் பல்லைப் பார்த்து என்ன சொல்வது, வழி தவறினால் யாரிடம் என்ன பேசுவது என்று எட்டு வருஷம் சேர்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் கிருஷ்ணகிரி ராமப்பனின் அச்சாபீசில் கூலி கொடுத்து, நாற்பது பக்கப் புத்தகமாக அச்சடித்தார். முந்நூறு பிரதியும் பஸ்ஸிலேயே தீர்ந்தன.

ஐம்பத்தெட்டு பிப்ரவரியில் ஒரு நாள், சேலத்துப் புளி வியாபாரி ஒருவர் சூளகிரியில் ஏறினார். திம்மராயன் யாரையோ கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார். வியாபாரி ஒரு சின்னப் புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி அவரிடமே படித்தார்.

“ஊரு பந்த்ரெ ஹேளி.”

ஊர் வந்தால் சொல்லுங்கள் என்று அர்த்தம். திம்மராயன் சிரித்துவிட்டார்.

“தமிழ்லயே கேளுங்க, சொல்றன்.”

“கன்னடக்காரர்னு நெனச்சேன். காவேரிப்பட்டினம் சந்தையில வாங்கினது. நல்லா எழுதியிருக்கான்.”

திம்மராயன் வாங்கி அட்டையைப் பார்த்தார். புது அட்டை. அதில் ‘இயற்றியவர்: ராமப்பன்’ என்று இருந்தது. உள்ளே அவருடைய வரிகள், அவர் வைத்த வரிசையிலேயே. வண்டி நின்றபடியே இருந்தது. டிரைவர் திரும்பி, “என்னப்பா, விசிலு தொண்டையில சிக்கிக்கிச்சா?” என்றார்.

அன்று மாலையே அச்சாபீசுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“வாய்யா திம்மராயா,” என்றார் ராமப்பன். “என்ன, நான் உன் அரிசி மூட்டய எடுத்துக்கிட்ட மாரி நிக்கிற? பேச்சுதானய்யா. ஊரு பேசறத நீ பஸ்ஸுல பொறுக்குன. நான் உங்கிட்டருந்து பொறுக்குனன்.”

“எம்பேரு எங்கண்ணா?”

“எழுத்துக் கோத்தது என் ஆளு. மிசினு என்னுது.” அவர் பழைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “சரி, இது என்னா? ‘காப்பி ரைட்’னு நீயே போட்டிருக்க. நீ ரைட்டுன்னா வண்டி போலாம்னுதான அர்த்தம்? காப்பி அடிக்க நீயே ரைட்டு குடுத்த. நான் போயிட்டன்.”

மெஷின் ஓட்டுகிறவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். திம்மராயன் நினைத்திருந்ததும் அதுதான். மற்றப் புத்தகங்களில் அந்த வார்த்தையைப் பார்த்திருந்தார். வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாகப் போட்டிருக்கிறார்கள், நாமும் போடுவோம் என்று போட்டார். யார் எழுதிக்கொண்டாலும் அவருக்குச் சம்மதம். ஆனால் பேர் போய்விடும் என்று நினைக்கவில்லை. “என் பேர நானே அழிச்சிட்டனா?” என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீல் சென்னகிருஷ்ணனைப் பார்த்தோம். திம்மராயனைவிட வயதில் சின்னவர். கோட்டு இன்னும் புதுசு. விஷயத்தைக் கேட்டதும் அவரும் சிரித்தார்.

“கண்டக்டர், இது பஸ் ரைட்டு இல்ல. ரைட்டுன்னா உரிமை. வண்டிய நிறுத்தற ரைட்டு.”

திம்மராயன் பெஞ்சின் நுனிக்கு வந்தார்.

“ராமப்பன் சொன்னது பழைய வாதம்,” என்றார் வக்கீல். “இங்கிலாந்துல ஒரு காலத்துல அச்சுக்காரங்க சங்கம் வெச்சதுதான் சட்டம். எழுதினவன் தாளைக் கொடுத்ததோட சரி. இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னால, ஆன் ராணி காலத்துலதான், உரிமை எழுதினவனுக்குன்னு சட்டம் வந்தது. அதுவும் பதினாலு வருஷம். அப்ப உயிரோட இருந்தா இன்னொரு பதினாலு. நமக்கு 1914ல வெள்ளைக்காரன் ஒண்ணு போட்டான். இப்ப நம்ம பார்லிமெண்டே போட்டிருக்கு. அமலுக்கு வந்து ஒரு மாசம் ஆகல.”

“எங்க சார் ரிஜிஸ்தர் பண்ணணும்?”

“பண்ணலேன்னாலும் உங்களுதுதான். எழுதின அன்னைக்கே.”

“பட்டா?”

“வேண்டாம்.”

“அந்த வார்த்தையப் போட்டது?”

“போடாட்டியும் உங்களுதுதான். வேற ஒருத்தருக்குப் போகணும்னா நீங்க கையெழுத்துப் போட்டு எழுதித் தரணும்.”

திம்மராயன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். எட்டு வருஷமாக அந்தக் கை ஒரு சொத்தைச் செய்துகொண்டிருந்தது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. எனக்கும் மேல் சிலிர்த்தது. எங்கோ டில்லியில் உட்கார்ந்து, இந்த மனிதரைப் பார்க்காமலே, இவருக்கென்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

“ஆனா பேச்சு ஊருதுதான சார்?”

“ஊருதுதான். ‘தண்ணி வேணும்’ யாருக்கும் சொந்தமில்ல. எதை எடுத்தீங்க, எதை விட்டீங்க, எதுக்கு அடுத்து எதை வெச்சீங்க, அது உங்க வேலை. அவரும் சந்தை சந்தையா அலைஞ்சு சேர்த்திருந்தா, அது அவருது.”

“அவரு அச்சாபீச விட்டு எறங்கல.”

“அதைக் காட்டணுமே,” என்று வக்கீல் இரண்டு புத்தகங்களையும் விரித்து வரி வரியாக ஒப்பிட்டார். இருபத்துமூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. எழுந்து கோட்டை எடுத்து மாட்டினார்.

அச்சாபீசில் ராமப்பனிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“நஞ்சம்மா யாரு?”

“எந்த நஞ்சம்மா?”

“உங்க புத்தகத்துல இருக்காங்களே. ‘நஞ்சம்மா, கோழிய மடியில வெச்சுக்கோ.’ மூணு பாஷையிலயும் சொல்லியிருக்கீங்க.”

ராமப்பன் எழுத்துக் கோப்பவரைப் பார்த்தார். அவர் அச்செழுத்துப் பெட்டியைப் பார்த்தார்.

“பேரண்டப்பள்ளிக்காரம்மா,” என்றார் திம்மராயன் மெல்ல. “கோழிக்கு டிக்கெட்டு கேட்டன்னு சூளகிரி வரைக்கும் என்னத் திட்டிக்கிட்டே வந்தாங்க. பேர எடுக்க மறந்துட்டன்.”

ராமப்பன் முக்காலியில் உட்கார்ந்தார். “கேசு போடப் போறியா?” என்றார்.

“இல்லண்ணா. வித்துக்கோ. எம்பேர ஒட்டி வித்துக்கோ.”

மிச்சமிருந்த பிரதிகளில் ஒட்டச் சின்னச் சீட்டு அடிப்பது என்று முடிவாயிற்று. இனி அச்சடித்தால் எழுதிக் கேட்டுத்தான் அச்சடிப்பேன் என்று ராமப்பன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்.

“எத்தன வருசத்துக்கு சார் இது எனக்கு?” என்றார் திம்மராயன்.

“உங்க ஆயுசு முழுக்க. அதுக்கப்புறம் அம்பது வருஷம், உங்க வாரிசுக்கு.”

“நான் செத்தப்புறமா?”

“செத்தப்புறம்.”

அவர் விரல் விட்டு எண்ணினார். எழுபது வயதில் செத்தால் அது தொண்ணூறாம் வருஷம். அதற்கு மேல் ஐம்பது. “ரெண்டாயிரத்து நாப்பது,” என்றார். அவ்வளவு பெரிய வருஷத்தை அந்த அறையில் யாரும் அதற்குமுன் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

எழுத்துக் கோப்பவர் பேர் எப்படி வேண்டும் என்று கேட்டார். கண்டக்டர் என்று சேர்க்கலாமா என்றார். திம்மராயன் வேண்டாமென்றார். அவருடைய அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் உழுது, எந்த ஓலையிலும் தாளிலும் தன் பேரைப் பார்க்காமல் போனவர்.

“முனிசாமி மகன் திம்மராயன்னு போடுங்க.”

ஈய எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. காகிதத்தில் வரும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, தலைகீழாக இருந்த வரியின்மேல் விரல் வைத்து, அப்பா பேரிலிருந்து தொடங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.