கீழ்த்தட்டு வகுப்பு

இன்று காலை கிளினிக் மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது, வயர் முறுகிப்போன பழைய இயர்போன் ஒன்று அகப்பட்டது. இன்னும் அதில் டீசல் மணம் இருப்பதாக ஒரு நினைப்பு. இருக்காதுதான். மூக்குக்கு யார் சொல்வது?

நான் நெடுந்தீவில் மருத்துவமாது. ஊருக்கு மிஸி. எத்தனையோ பிரசவம் பார்த்தவள், ஆனால் நாலுபேர் முன்னால் வாய் திறக்க வெட்கம். வேலையில் இருப்பவர்களுக்கென்று பெண்கள் நலம் பற்றிய தொலைக்கல்விப் பாடநெறி தொடங்கியபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். வகுப்பில் எழுந்து நிற்கத் தேவையில்லையே! பாடங்கள் குரல்பதிவாகக் கைபேசிக்கு வரும். அப்போது வீட்டில் சிக்னல் இல்லை. இறங்குதுறையில் பதிவை எடுத்துக்கொண்டு, குறிகட்டுவானுக்குப் போகும் படகில் கேட்பேன்.

அன்றைக்கு மார்புப் பரிசோதனை பற்றிய பாடம். பெண்கள் எல்லாரும் வெயிலுக்குப் பயந்து படகின் கீழ்த்தட்டில் இருந்தோம். எஞ்சின் இரைச்சலில், பாடம் நடத்தும் டொக்டரின் குரல் சன்னமாகக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். நிமிர்ந்தால், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். இயர்போன் வயர் கைபேசியிலிருந்து கழன்று மடியில் கிடந்தது. நோவில்லை என்று கட்டியை விட்டுவிடக் கூடாது என்று டொக்டர் கீழ்த்தட்டு முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டாதையும் மிஸி," என்றார் மாடு வளர்க்கும் ரோசம்மாக்கா. "மேல ஆம்பிளையளுக்குக் கேக்காது."

பாடம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"எனக்கும் இடப்பக்கம் ஒண்டு கிடக்கு. நோகேல்லை. அதாலை விட்டிட்டன்."

"எவ்வளவு நாளா?"

"நத்தார்ப் பெருநாளுக்கு முந்தி. மாசக்கணக்காச்சு."

சீலையால் மறைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். கடினமாக இருந்தது. வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அக்கா, இண்டைக்கே என்னோட பெரியாஸ்பத்திரிக்கு வாறீங்கள்."

"ஏலாது. மாட்டுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?"

"என்ரை மனிசன் வைப்பான்," என்றாள் எதிரே இருந்த மீன்காரி. "வீட்டில அவனுக்கு வேறை என்ன வேலை? இறங்கினதும் போன் எடுக்கிறன்."

கீழ்த்தட்டே சிரித்தது. ரோசம்மாக்கா சிரிக்கவில்லை. ஆனால் குறிகட்டுவானில் இறங்கி என் பின்னால் பஸ் ஏறினார்.

புற்றுநோய்தான். வேளைக்குப் பிடித்துவிட்டோம், கட்டியை எடுத்தார்கள். இன்றைக்கும் மாடுகளோடு சண்டை பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

அதன்பிறகு எல்லாப் பாடத்தையும் படகில் சத்தமாகவே போட்டேன். கர்ப்பப்பை இறக்கம், மாதவிடாய் நிற்கும் காலம் என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி வரும். தெரியாததை டொக்டருக்கு எழுதிக் கேட்பேன். பரீட்சையில் நன்றாகவே செய்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது வீட்டிலேயே சிக்னல் இருக்கிறது. அடுத்த பாடநெறியைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன். படகிலும் ஆளுக்கொரு கைபேசி. டொக்டர் தெளிவாகத்தான் பேசுகிறார். "பொறும் மிஸி, விளங்கேல்லை, திருப்பிப் போடும்" என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.