எட்டில் ஒட்டிய அட்டை

காலை பத்து இருபது. சட்டைப்பையிலிருந்து பசைக் குழாயை எடுத்த நேரம் அது. புதுக்கோட்டையில் பள்ளி அறிவியல் கண்காட்சி நடந்த மண்டபத்தின் சுவர்க் கடிகாரம் என் எதிரிலேயே இருந்தது. மறக்க முடியவில்லை.

மகள் பதினொன்றாம் வகுப்பு. கீரனூரிலிருந்து வர வேண்டிய அவளுடைய இயற்பியல் டீச்சரின் பஸ் வரவில்லை. "யாரும் தொடாம பாத்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போயிருந்தாள். தேர்வானால் மாநில அளவுக்குப் போகலாம். இரண்டு மாதமாக வீட்டில் அதே பேச்சு.

நட்சத்திரத்தின் அகலத்தை அளக்கும் முறையைத்தான் அவள் சிறிய அளவில் செய்திருந்தாள். மண்டபத்தின் மறுகோடியில் ஒரு பெட்டி. அதன் ஊசித்துளை வழியே வரும் விளக்கொளிதான் நட்சத்திரம். இந்தப் பக்கம் தொலைநோக்கி. அதன் வாயை மூடிய அட்டையில் இரண்டு கீறல்கள், நகர்த்தக்கூடியவை. இரண்டின் வழியாகவும் வரும் ஒளி சேரும்போது வரிவரியாகக் கோடுகள் தெரியும். வீட்டில் காட்டினாள். கோடுகளைப் பார்த்துப் பூரித்தேனே தவிர, அடுத்து அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, கோடு கோடாத் தெரியும்னீங்க? வெறும் வெளிச்சமால்ல இருக்கு!" நானும் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் மெஷின் பார்க்கிறவன் நான். இருந்தது காணாமல் போனால் பழுது என்றுதான் கை போகும். கீறல்களை நெருக்கினேன். எட்டு மில்லிமீட்டரில் கோடுகள் பளிச்சென்று வந்தன. மறுபடி நழுவாமலிருக்க இரண்டு சொட்டுப் பசை விட்டேன்.

மகளும் நடுவரும் ஒன்றாக வந்தார்கள். "நோட்டுல பதிமூணுல கோடு மறையுதுன்னு எழுதியிருக்க. மறைய வச்சுக் காட்டும்மா" என்றார் அவர். கோடுகள் மறையும் அந்த இடைவெளியை வைத்துத்தான் நட்சத்திரத்தின் அகலத்தைக் கணக்கிடுவார்களாம். அவள் வேண்டுமென்றே கீறல்களைப் பதிமூன்று மில்லிமீட்டரில், கோடுகள் மறையும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"அப்ப இந்தப் பதிமூண எங்க பாத்து எழுதுன?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. "நான்தான் சார்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நடுவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த அட்டை இப்போது என் டூல் பாக்ஸில் கிடக்கிறது. தினமும் நகர்த்திப் பார்க்கிறேன். எட்டிலேயே நிற்கிறது. மகள் பழையபடிதான் என்னோடு சிரித்துப் பேசுகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று டீச்சர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அட்டையைத் தடவிப் பார்த்து, "யாரு ஒட்டுனது?" என்றார்.

"நான்தான் டீச்சர். அவசரத்துல" என்றாள் மகள்.

டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், ஒங்க வெரல்ல பசை காஞ்சிருக்கு. தேச்சுக் கழுவிக்கங்க."