மலைக்கு நாலு, தார்ச்சாலைக்கு நாலு

மலையிலிருந்து இறங்கி வரும் மண் பாதை தார்ச்சாலையில் முட்டுகிற இடத்தில்தான் நான் வேலை பார்க்கிற பெட்ரோல் பங்க் இருக்கிறது. அந்தப் பாதையில் ஏறி இறங்குகிற எல்லாரையும் எனக்குத் தெரியும். எல்லாரும் என்று சொல்வதே அதிகம். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு ஜீப். அதை ஓட்டியவள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அவள் கணவர். அவரை மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை. டீசல் போட்டுப் போட்டு வந்த உறவு.

வாலிபத்திலிருந்து அந்த ஜீப்பை ஓட்டியவர் மாமாதான். மேலே இருந்த பழத்தோட்டங்களிலிருந்து பெட்டிகளை இறக்குவார், ஆட்களை ஏற்றுவார். மழைக்குப் பாதை கரையக் கரைய தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கீழே வந்துவிட்டார்கள். இவர்கள் மட்டும் தங்கள் துண்டு நிலத்தையும் ஆடுகளையும் விட்டு வர மனமில்லாமல் அங்கேயே இருந்தார்கள். அப்புறம் மாமாவின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர் என்றாகிவிட்டது. போகும்போது எப்படியோ ஓட்டிவிடுவார். திரும்பும்போது பிழிந்து போட்ட துணிபோல இருப்பார். நாற்பது வயதைத் தாண்டிய அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தது அப்படித்தான்.

"கிளட்ச்சு உன் காலடியில மாட்டிக்கிட்ட எலி இல்ல. மெதுவா விடு" என்பார் மாமா.

"எலியா இருந்தா எப்பவோ ஓடிப்போயிருக்கும். நாந்தான் ஓட முடியாம உக்காந்திருக்கேன்" என்பாள் அவள்.

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே நன்றாக ஓட்டப் பழகிவிட்டாள்.

ஒரு மழைக்காலத்தில் மேலேயிருந்து மண் சரிந்து பாதையெல்லாம் பாறை வந்து குந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஜீப்பின் அடிவயிறு ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் காற்றில் சுற்றின. மாமாவுக்கு இறங்கி நடக்கத் தெம்பில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக அக்காவுக்கு மனசில்லை. மழை விட்டு எரிந்த வெயிலில் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். யதேச்சையாக விறகு ஏற்ற வந்த ஒரு டிராக்டர் பார்த்து இழுத்துவிட்டது.

அன்றைக்குத்தான் மாமா சொன்னார், "டயரைப் பெரிசாக்கணும். வண்டி தூக்கி நின்னாத்தான் அடி தட்டாது."

நகரத்து டயர்க்கடைக்காரர் மாமாவுக்குப் பழைய சிநேகிதர். முண்டு முண்டாக ரப்பர் துருத்திய, சேற்றிலும் கல்லிலும் ஏறுகிற ரகமாகப் பார்த்து, அகலமும் உயரமுமாக நாலு டயர் போட்டுக் கொடுத்தார். ஜீப் ஒரு சுற்று வளர்ந்துவிட்டது. ஏறி உட்கார மாமாவுக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. அன்று மலையேறும்போது எந்தப் பாறையும் தட்டவில்லை. அக்கா பங்க்கைத் தாண்டும்போது என்னைப் பார்த்து ஹாரன் அடித்தாள். அவள் விளையாட்டுக்கு ஹாரன் அடித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த முறை நகரத்துக்குள் நுழைந்ததுமே போக்குவரத்துப் போலீஸ் கையைக் காட்டினார். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஓடும்போது சேற்றையும் கல்லையும் பின்னால் வருகிறவன் முகத்தில் வாரி இறைக்கும் என்றார். பதிவில் உள்ள அளவும் இது இல்லை. சிகிச்சை முடியும்வரை விட்டார், நல்ல மனுஷன். முடிந்ததும் ஜீப்பை ஸ்டேஷனில் நிறுத்தச் சொல்லிவிட்டார். மாமா ஸ்டேஷன் பெஞ்சில் சுருண்டு படுத்துக்கொண்டார். மறுநாள் டயர்க்கடைக்காரர் ஒரு செட் பழைய டயரை மாட்டிக் கொடுத்த பிறகுதான் வண்டி வெளியே வந்தது.

"முறைப்படி அனுமதி வாங்கிடலாம்" என்றாள் அக்கா. "நாம என்ன திருட்டு வேலையா பண்றோம்?"

டயர்க்கடைக்காரர் செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். மட்கார்டுக்கு மேலே அகலமான ரப்பர் இறக்கை வைத்து டயரை மூடினார். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உரசுகிறது என்று ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினார். சக்கரம் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். அதன் பல்சக்கரத்தை மாற்றினார். முன்விளக்கு எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தாமல் தாழ்த்தினார். பெரிய டயரைக் கழற்றி வண்டியில் போட்டு, பழைய டயரில் ஓட்டிக்கொண்டு போய், ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் மாற்றி மாட்டிக் காட்டினார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வயதில் சின்னவர். வண்டிக்கு அடியில் படுத்தே பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "வேலை சுத்தமா இருக்கு" என்றார்.

அக்காவுக்கு முகம் மலர்ந்தது.

"ஆனா அளவு வரம்புக்கு மேல போயிருக்கும்மா. இதுக்கு மேல நான் கையெழுத்துப் போடணும்னா, இந்த வண்டிக்கு இந்த டயர் தாங்கும்னு வண்டியைச் செஞ்ச கம்பெனி எழுதிக் கொடுக்கணும்."

"அந்தக் கம்பெனியை மூடி எத்தனையோ காலமாச்சு சார்" என்றார் மாமா.

"தெரியும் சார்."

"அப்ப யார் எழுதிக் கொடுப்பா?"

"யாரும் கொடுக்க முடியாது."

அக்கா விடவில்லை. மலைப் பாதையைச் சொன்னாள். வாரத்தில் மூன்று நாள் என்பதைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "இந்த முண்டு டயர் நனைஞ்ச தார் ரோட்டுல பிடிக்காதும்மா. பிரேக்கு பழைய பிரேக்கு, சக்கரம் கனத்துப்போச்சு. பள்ளிக்கூட வாசல்ல ஒரு பிள்ளை குறுக்க வந்துட்டா நிக்காது. நான் விட்டுட்டு அப்படி ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார்.

லஞ்சம் கேட்டிருந்தால்கூட திட்டிவிட்டு வந்திருக்கலாம் என்று பிறகு அக்கா என்னிடம் சொன்னாள். அவர் சொன்னது நியாயமாக இருந்ததுதான் அவளை உட்காரவைத்துவிட்டது.

வரம்புக்குள் இருக்கிற, கொஞ்சமே பெரிய டயரையும் போட்டுப் பார்த்தார்கள். வெயில் நாளில் தட்டுத் தடுமாறி ஏறியது. முதல் மழையிலேயே ஜீப் பழையபடி பாறைமேல் குந்திக்கொண்டது.

பாதையைச் சீர்செய்யச் சொல்லி அக்கா ஏறாத படி இல்லை. நகராட்சி, அது எங்கள் எல்லை இல்லை என்றது. வனத்துறை, நாங்கள் போட்ட பாதை இல்லை என்றது. அதைப் போட்ட தோட்டக் கம்பெனி நிலத்தை விற்றுவிட்டுப் போயே போய்விட்டது. யாருடைய பாதையும் இல்லாததால் யாரும் அதில் ஒரு கூடை மண்கூடப் போட மாட்டார்கள். யாருடைய பாதையும் இல்லாததால் அதில் எந்த டயரைப் போட்டு ஓட்டினாலும் கேட்பார் இல்லை. இதைச் சொன்னவர் அந்த இன்ஸ்பெக்டர்தான். "சட்டமெல்லாம் தார் ரோட்டுலதாம்மா ஆரம்பிக்குது" என்றார்.

அப்படித்தான் அவர்கள் சக்கரம் மாற்றிக்கொள்ள இடம் கேட்டு எங்கள் பங்க்குக்கு வந்தார்கள். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நாலு சக்கரத்தை வைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்தார். டேங்கர் லாரி வருகிற வழியை மறிக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

மலையிலிருந்து பெரிய சக்கரத்தில் இறங்கி வருவார்கள். மாமாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிழலாகப் பார்த்து உட்காரவைப்பாள் அக்கா. சக்கரத்துக்குக் கல் வைப்பாள். நட்டுகளை இளக்கிவிட்டு ஜாக்கி போடுவாள். ஒவ்வொன்றாக நாலையும் கழற்றிச் சின்னச் சக்கரத்தை மாட்டுவாள். பிறகு ஆஸ்பத்திரி. திரும்பி வந்ததும் அத்தனையும் தலைகீழாக. எங்களுக்குக் கை ஒழிந்திருந்தால் நாங்களும் பிடிப்போம். வண்டிகள் வரிசை கட்டி நின்றால் அவள் பாடு அவளோடு. மழையில் கோணி ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு, சேற்றில் முட்டிபோட்டு, ஸ்பானர்மேல் ஏறி நின்று நட்டை இளக்குவாள்.

மாமா பார்த்துக்கொண்டே இருப்பார். அவருடைய இடது கையில் ரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதில்தான் ஊசி போட்டு ரத்தத்தை இயந்திரத்துக்கு எடுப்பார்கள். தொட்டால் உள்ளே ரத்தம் வண்டு ரீங்காரமிடுவதுபோல ஓடும். அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கவே கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். அதனால் வாயை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குறுக்கு நட்டா இறுக்கு. பக்கத்துப் பக்கத்துல இறுக்காதே."

"அப்படித்தான் இறுக்குறேன்."

"ஜாக்கி சாயுது பாரு."

"நான்தான் சாயிறேன். ஜாக்கி நேராத்தான் நிக்குது."

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நாள் போகப் போக மாமாவின் பேச்சு குறைந்தது. அவள் சக்கரத்தைத் தூக்கும்போது முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, "நான் செத்துட்டா இவளுக்கு இடுப்பு நிமிரும்" என்றார்.

விடாத அடைமழை நாள் அது. இறங்கி வந்ததிலேயே தாமதம். அக்கா மூன்று சக்கரத்தை மாற்றிவிட்டாள். நாலாவதைக் கழற்றும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. அப்படியே பக்கவாட்டில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு லாரிக்கு டீசல் பிடித்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டு ஓடுவதற்குள் மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கழன்று நின்ற அந்தப் பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி அவள்மேல் சாயாமல் அந்தப் பக்கம் தள்ளினார். அதோடு நிற்காமல் சின்னச் சக்கரத்தையும் தூக்கி மாட்டினார்.

"விடுங்க, கையி, கையி" என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினாள்.

"நாப்பது வருஷமா மாட்டினவன் நான். வாயை மூடு" என்றார். மழையில் அவர் முகம் பழைய டிரைவரின் முகமாக இருந்தது. நட்டுகளை அவரும் நானுமாக இறுக்கினோம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் அந்த ரீங்காரம் அடங்கிவிட்டிருந்தது. நர்ஸ் விரலை வைத்துப் பார்த்தாள், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், டாக்டரைக் கூப்பிட்டாள். உள்ளே ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். திறந்து பார்த்தும் சரியாகவில்லை. கழுத்தில் குழாய் போட்டு அதன் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். கழுத்துக் குழாயோடு மலை ஏறக் கூடாது, தூசி படக் கூடாது, குலுங்கக் கூடாது. டாக்டர் சொல்லிக்கொண்டே போக, அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாளாம். மாமா யாரையும் பார்க்கவில்லையாம்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், மாடியில், ஒரு அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அக்கா ஒருநாள் தனியாக பங்க்குக்கு வந்தாள். பெரிய சக்கரங்களை நானும் அவளுமாக மாட்டினோம். மேலே போய் ஆடுகளை விற்று ஏற்றிவிட்டு, பாத்திரம் துணிமணியை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினாள். திரும்பவும் சின்னச் சக்கரத்தை மாட்டியதும், பெரியதை என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"யாராச்சும் கேட்டா கொடுத்துடு."

"மாமாகிட்ட ஒரு வார்த்தை?"

"கேட்டா வேணாம்னு சொல்வார். அப்புறம் அதையும் நான்தான் தூக்கணும்" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. அந்தச் சக்கரங்களை இதுவரை யாரும் கேட்கவில்லை. அவற்றை மாட்டி ஓட்டுகிற மாதிரி வண்டி இந்தப் பக்கம் யாரிடமும் இல்லை.

இப்போது அக்கா ஆஸ்பத்திரியின் துணி வண்டியை ஓட்டுகிறாள். அழுக்குப் போர்வைகளைச் சலவைக்கு எடுத்துப்போய், வெளுத்ததைக் கொண்டுவருகிற வேலை. தட்டையான தெரு, நல்ல தார். சென்ற மாதம் நான் பார்க்கப் போயிருந்தேன். மாமாவின் வலது கையில் புதிதாகத் தைத்திருந்தார்கள். அது தேறிவர இன்னும் நாளாகுமாம். சோற்றை இடது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பருக்கை பாதி தட்டிலும் பாதி மடியிலுமாகக் கிடந்தது. பார்க்காத மாதிரி நான் சுவரைப் பார்த்துப் பேசினேன்.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாமா காதைத் தீட்டிக்கொண்டு, "ரிவர்ஸ்ல இன்னும் ஒரு முழம் உள்ள வரணும். பின்பக்கம் தெருவுல நிக்குது" என்றார். ஜன்னலிலிருந்து வண்டி தெரியாது. எட்டிப் போய்ப் படிக்கட்டிலிருந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி.

அக்கா மேலே வந்ததும் அதையே சொன்னார்.

"சரி, போய் உள்ள தள்ளிப் போட்டுட்டு வரேன்" என்று அவள் சாவியை எடுத்தாள். முன்பெல்லாம் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். படியில் அவள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டபடி மாமா மடியில் கிடந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டார்.