சண்டைமீன் மணியம்மா

மணியம்மா சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தேயிலை மலையில் பக்கத்து நிரைக்காரி இவளுடைய நிரையில் கை வைத்துக் கொழுந்தைக் கத்தரித்தாலும், "எடுத்துக்கோ, திரும்பத் துளிர்க்கத்தானே போவுது" என்று தள்ளிப் போய்விடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தோட்டம் முழுக்கச் சண்டைமீன் என்று பெயர். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் தெலுக் இந்தானிலிருந்து கல்யாணமாகி வந்தபோது, மடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருந்தாள். அதற்குள் சிவப்பும் நீலமுமாக வாலை விரித்துக்கொண்டு ஒரு மீன். மலாய்க்காரர்கள் ஈக்கான் லாகா என்பார்கள், நம்மவர்களுக்குச் சண்டைமீன். தாப்பா மலைச்சாலை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், பாட்டிலை மட்டும் விடவில்லை. புதுப் பெண்ணைப் பார்க்க வந்த லயத்து வீடுகளின் சனம் மீனைப் பார்த்துவிட்டுப் போனது.

"சண்டமீனு வச்சிருக்கே, அந்தப் பொண்ணு" என்று ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் 'வச்சிருக்கே' உதிர்ந்தது. அடுத்த மாதம் 'அந்தப் பொண்ணு'ம் உதிர்ந்தது. மூன்றாம் மாதம் குளிர் தாங்காமல் மீன் செத்தது. பெயர் மட்டும் குளிருக்கு அசையவில்லை. கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணிகூட, "சண்டமீனு, மூட்டையக் கொண்டா" என்றுதான் கூப்பிடுவார். அவளும் போவாள்.

மகள் விக்னேஸ்வரிக்குச் சம்பந்தம் வந்தபோதுதான் அந்தப் பெயர் அவளுக்கு உறுத்தியது. பையன் புவனேஸ்வரன், கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டமும் ஒரு லோரியும் வைத்திருக்கிறான். விக்னேஸ்வரிக்கு அவனைப் பிடித்துவிட்டது. தன் பெயரால் அது கெட்டுப்போகக் கூடாதே என்று மணியம்மா நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புவனேஸ்வரன் தன் அம்மா வடிவம்மாளுடன் வந்தான். வடிவம்மாள் உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டாள்.

"தப்பா நெனக்காதீங்க. பிரிஞ்சாங் பசார்ல வெங்காயம் விக்கிற ராமையாகிட்ட விசாரிச்சேன். பொண்ணோட அம்மா யாருன்னா, சண்டமீனுங்கறான். வாய்க்காரின்னா நமக்கு ஒத்து வராதுலா."

மணியம்மாவின் புருஷன் சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது மீனோட பேருங்க. அந்த மீனு தனியா இருந்தா சும்மா கெடக்கும். ரெண்டு ஆம்பள மீன ஒண்ணா விட்டாத்தான் சண்ட. அந்தக் கலரெல்லாங்கூட ஆம்பள மீனுக்குத்தான். நொரையில கூடு கட்டி, முட்டையக் காவல் காக்கறதும் அதுதான்."

"ஆம்பளயா காக்குது?" என்றாள் வடிவம்மாள். "நல்ல மீனா இருக்கே."

"இவ வாயத் தொறந்து நானே பார்த்ததில்லைங்க."

வடிவம்மாளுக்கு மனசு லேசாகிவிட்டது. அதிரசத்தை எடுத்துக் கடித்தாள். "அப்பச் சரி. கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு நர்ஸ் வேலைய விட்டுடட்டும். எனக்கு முட்டி வலி. தக்காளி பொறுக்கிக் கட்ட ஆளு கெடைக்க மாட்டேங்குது."

"அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு" என்றார் சிங்காரம்.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற விக்னேஸ்வரி அதைக் கொடுக்காமலேயே அடுப்படிப் பக்கம் திரும்பினாள். மணியம்மா அதைப் பார்த்தாள்.

"விட மாட்டா."

யார் பேசியது என்று சிங்காரம் திரும்பிப் பார்த்தார்.

"எம் பொண்ணு வேலைய விட மாட்டா! மழையிலயும் குளிர்லயும் மல ஏறி அவள நர்ஸுக்குப் படிக்க வச்சது, தக்காளி பொறுக்கவா? கூலிக்கு ஆளு வேணும்னா ஏஜென்ட்டப் போய்க் கேளுங்க. மருமக வேணும்னா மட்டும் இங்க ஒக்காருங்க!"

அடுத்த வீட்டு உமாதேவி கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் பின்னால் லயமே வந்தது. மகளின் வாழ்க்கையைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்று மணியம்மா நினைத்தாள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வடிவம்மாள் சிங்காரத்தைப் பார்த்தாள். "வாயே தொறக்க மாட்டாங்கன்னீங்க?"

"இதுவரைக்கும் தொறந்ததில்லைங்க" என்றார் அவர்.

"நானும் வர்ற வழியில இதத்தானம்மா சொன்னேன்" என்றான் புவனேஸ்வரன், தரையைப் பார்த்தபடி. "அவங்க வேல அவங்களுக்கு இருக்கட்டும்னு."

வடிவம்மாள் பாதி அதிரசத்தை மெதுவாக மென்று முடித்தாள்.

"தக்காளிக்கு ஆள் வச்சுக்கறேன்" என்றாள். "தை மாசம் வச்சுக்கலாமா?"

மறுநாள் காலை மலைக்குப் போகும் வழியில் யாரும் மணியம்மாவைச் சண்டைமீன் என்று கூப்பிடவில்லை. பக்கத்து நிரைக்காரி தன் நிரையை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிராணி வாயைத் திறந்தார், மூடினார், யோசித்தார்.

"மணியம்மாக்கா, மூட்டையக் கொண்டாங்க."

யாரையோ கூப்பிடுகிறார் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் இரண்டாம் தடவையும் கூப்பிட வேண்டியிருந்தது.