பாத்திப் பலகைகள்

கரும்பு வெட்ட வந்த இந்தியர்கள் தலைமுறைகளாகக் குடியிருந்த தீவில், சமபுலா என்ற ஊரில், எங்கள் கொல்லை வெறும் களிமண். ஓயாத மழையில் தரையில் நட்டதெல்லாம் அழுகிப்போகும். அதனால் என் மனைவி பலகைகளால் அடைத்து, இடுப்பு உயரத்துக்கு மண் நிரப்பிப் பாத்திகள் அமைத்தாள். தண்ணீர் வடிந்தது, வேர்கள் பிழைத்தன. முட்டிவலிக்காரியான அவள் குனியாமலே களையெடுத்தாள். ராணுவம் ஆட்சியைப் பிடித்துக் கடைகள் மூடிக்கிடந்த வாரங்களில், அந்த வெண்டையும் கத்தரியும்தான் எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பூர்வகுடிப் பெண்ணுக்கும் சாப்பாடு. இந்தியர் வீடுகளை அடிக்க வந்த கும்பலை எங்கள் வாசலில் நின்று திருப்பி அனுப்பியவள் அவள்.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் சிட்னிக்கே குடிபெயரக் கிளம்பியபோது, பாத்திகள் அவளுக்கு என்று மனைவி வாக்குக் கொடுத்திருந்தாள். நான் அந்தப் பலகைகளைப் பிடுங்கிச் சாமான் பெட்டி செய்தேன்.

"ஏங்க, கடையில பலகையே இல்லையா?" என்றாள் மனைவி.

"நம்மளத் துரத்துனவங்க நம்ம பாத்தியில பறிச்சுத் திங்கணுமா?"

"துரத்துனது அவளா?"

நான் அடுத்த பலகையைப் பிடுங்கினேன். மண் சரிந்து, காய்த்த செடிகள் சேற்றில் கிடந்தன. கூடையோடு வந்த அந்தப் பெண் அதைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, நான் ஆணியடிக்க வசதியாகப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிமிராமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.